கேம் லூப்: பிரவுசர் விளையாட்டில் நேரத்தை நகர்த்துவது யார்?

திரையில் ஒரு பந்தை இடமிருந்து வலமாக ஓடவிட வேண்டும். புதிதாகத் தொடங்கும் பலரும் முதலில் எழுதுவது இதைத்தான்: ஒவ்வொரு முறை படம் வரையும்போதும் பந்தை 5 பிக்சல் நகர்த்து. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் பந்து நொடிக்கு 300 பிக்சல் ஓடும். பார்க்க நன்றாகவே இருக்கும். அதே பக்கத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் திறந்தால் பந்து நொடிக்கு 720 பிக்சல் பாயும். ஐபோனில் பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தால் சஃபாரி நொடிக்கு 30 ஃப்ரேம்தான் தரும், அதாவது 30 முறைதான் படம் வரைய விடும். அங்கே பந்து 150 பிக்சல் வேகத்தில் ஊரும். எழுதிய நிரல் ஒன்றுதான். ஆனால் மூன்று பேர் ஆடுவது மூன்று வேறு விளையாட்டுகள்.

இந்தக் கோளாறின் வேர், கேம் லூப் எனப்படும் சுழற்சியைச் சரியாகப் புரிந்துகொள்ளாததில் இருக்கிறது. பிரவுசர் பக்கத்தில் வரைவதற்கான பரப்பான கேன்வாஸில் வட்டம் வரைவதையும் படம் ஒட்டுவதையும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். விளையாட்டுக்குள் நேரம் எப்படி நகர வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான முதல் முயற்சிகள் இடறுகின்றன. அதனால் இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பார்க்கிறது.

முதலில் மேடை

தேவையானவை மூன்று கோப்புகள்: ஒரு எச்டிஎம்எல், ஒரு சிஎஸ்எஸ், ஒரு ஜாவாஸ்கிரிப்ட். ஒரு காலத்தில் பிரவுசரில் விளையாட்டு என்றாலே ஃப்ளாஷ் செருகுநிரல்தான். அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. இன்று வரைவதற்குக் கேன்வாஸும் வெப்ஜிஎல்லும், ஒலிக்கு வெப் ஆடியோவும், கைப்பிடிக் கருவிகளுக்குக் கேம்பேட் இடைமுகமும் பிரவுசருக்குள்ளேயே இருக்கின்றன. எதையும் நிறுவ வேண்டாம், யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம்.

இங்கே இரண்டு சின்னப் பொறிகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கில் நேரடியாகத் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை (ஒன்றையொன்று இறக்கிக்கொள்ளும் தனித்தனி நிரல் கோப்புகளை) ஏற்றப் பிரவுசர் மறுக்கும். கேன்வாஸில் வரைந்த படத்தின் பிக்சல்களைப் படிக்கவும் விடாது. கோப்பு முகவரியை அது நம்பகமான மூலமாக எடுத்துக்கொள்வதில்லை. கணினியிலேயே ஒரு சிறு சர்வரை ஓட்டி அதன் வழியாகத் திறங்கள். பைத்தான் இருந்தால் அதனுடன் வரும் எச்டிடிபி சர்வர் மாட்யூலே போதும்.

இரண்டாவது, கேன்வாஸுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று அதன் உள்ளே இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை. மற்றொன்று பக்கத்தில் அது பிடிக்கும் இடம். உள்ளளவை நீங்கள் சொல்லாவிட்டால் அது 300-க்கு 150 என்றே இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் மட்டும் பெரிதாக்கினால் அந்தச் சின்னப் படம் இழுக்கப்பட்டு மங்கித் தெரியும். அகலம், உயரம் என்ற பண்புகளையே மாற்றுங்கள். அடர்த்தியான திரைகளில் கூர்மை வேண்டுமென்றால் டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் (பக்கத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்ற விகிதத்தால்) பெருக்கி வையுங்கள். ஆனால் இதைத் தொடக்கத்திலும் சாளரத்தின் அளவு மாறும்போதும் மட்டுமே செய்ய வேண்டும். அகலத்துக்கு மதிப்புக் கொடுத்தாலே கேன்வாஸ் முழுவதும் அழிந்து, வண்ணம், எழுத்துரு போன்ற அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும்.

சுழற்சி யார் கையில்?

எந்த விளையாட்டும் திரும்பத் திரும்பச் செய்வது மூன்று வேலைகள்: ஆடுபவர் என்ன அழுத்தினார் என்று பார்ப்பது, உலகைச் சற்று முன்னே நகர்த்துவது, புதிய நிலையை வரைவது. வேறு சூழல்களில் நிரல் எழுதிப் பழகியவர்கள் இதை ஒரு முடிவில்லாத வைல் லூப்பாக எழுதப் பார்ப்பார்கள். பிரவுசரில் அப்படி எழுதினால் அந்தப் பிரவுசர் தாவல் (டேப்) உறைந்துவிடும். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது ஒரே இழையில். உங்கள் ஃபங்ஷன் முடிந்து கட்டுப்பாட்டைத் திருப்பித் தந்தால்தான் பிரவுசர் திரையைப் புதுப்பிக்கவோ விசை அழுத்தத்தைக் கவனிக்கவோ முடியும். முடிவில்லாத லூப் அதைத் திருப்பித் தருவதே இல்லை.

ஆக, இங்கே சுழற்சி உங்களுடையது அல்ல, பிரவுசருடையது. நீங்கள் செய்யக்கூடியது, “அடுத்த முறை திரையைப் புதுப்பிக்கும் முன் என்னை ஒருமுறை கூப்பிடு” என்று கேட்டுவைப்பதுதான். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் என்ற ஃபங்ஷன் அந்த விண்ணப்பம். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே அழைப்புத்தான் வரும். அதனால் அழைக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் உங்கள் ஃபங்ஷன் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்; இந்தச் சங்கிலிதான் லூப். அழைக்கும்போது பிரவுசர் ஒரு நேரத்தையும் மில்லிநொடியில் கையில் தருகிறது. அந்த எண் இல்லாவிட்டால் இனிச் சொல்லப்போகும் எதுவும் நடக்காது.

குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப அழைக்கும் செட்இன்டர்வலை 16 மில்லிநொடிக்கு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 16.67 மில்லிநொடி, டைமரின் தாளமும் திரையின் தாளமும் மெல்ல மெல்ல விலகும். அவ்வப்போது ஒரு ஃப்ரேமுக்குள் இரண்டு முறை உலகு நகர்ந்துவிடும், நடுவே இருந்த நிலையை யாரும் பார்க்க மாட்டார்கள். பிரவுசர் வேறு வேலையில் இருந்தால் டைமர் தாமதமாகவும் வரும். கண்ணுக்கு இது இன்னதென்று சொல்ல முடியாத ஒரு தடுமாற்றமாகத் தெரியும்.

விண்ணப்பிக்கும் இடத்தில் வரும் மூன்று பிழைகள் மிகப் பரவலானவை. ஃபங்ஷனின் பெயரைத் தருவதற்குப் பதில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு அதை அங்கேயே இயக்கிவிடுவது முதலாவது. அது தன்னைத்தானே உடனுக்குடன் அழைத்துக்கொண்டே போய், அழைப்பு அடுக்கு நிரம்பிவிட்டது என்ற பிழையோடு நிற்கும். அடுத்தது, ‘மீண்டும் ஆடு’ பொத்தானை அழுத்தும்போதெல்லாம் லூப்பைப் புதிதாகத் தொடங்கிவிடுவது. பழைய சங்கிலியும் ஓடிக்கொண்டிருக்கும், ஃப்ரேமுக்கு 5 பிக்சல் என்று எழுதியிருந்தால் பந்தின் வேகம் இரட்டிக்கும். தொடங்கிய லூப்பை ஒருபோதும் மறுபடி தொடங்காமல், மதிப்பெண், உயிர், இடம் ஆகியவற்றை மட்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பானது. மூன்றாவது பிழை முந்தைய நேரத்தைப் பற்றியது; அதற்கு முன் நேர வித்தியாசம் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம்.

நேர வித்தியாசம்

தொடக்கத்தில் சொன்ன கோளாறுக்கு முதல் மருந்து, வேகத்தை ஃப்ரேம் கணக்கிலிருந்து நொடிக் கணக்குக்கு மாற்றுவது. “ஃப்ரேமுக்கு 5 பிக்சல்” என்பதை “நொடிக்கு 300 பிக்சல்” என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த அழைப்பில் வந்த நேரத்திலிருந்து முந்தைய அழைப்பில் வந்த நேரத்தைக் கழித்து 1000-ஆல் வகுத்தால், கடந்துபோன நொடிகள் கிடைக்கும். 60 ஹெர்ட்ஸில் அது சுமார் 0.0167, 144 ஹெர்ட்ஸில் சுமார் 0.0069. வேகத்தை இதனால் பெருக்கி இடத்தோடு கூட்டினால், எந்தத் திரையிலும் ஒரு நொடி முடிவில் பந்து 300 பிக்சல் போயிருக்கும்.

1000-ஆல் வகுக்க மறந்தால் பந்து முதல் ஃப்ரேமிலேயே திரையைத் தாண்டிப் போய்விடும். “எதுவுமே தெரியவில்லை” என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம் அந்த மூன்றாவது பிழை. முதல் அழைப்பின்போது ‘முந்தைய நேரம்’ என்று ஒன்று கிடையாது. அந்த மாறிக்கு மதிப்பே தராமல் விட்டிருந்தால் கழித்தலின் விடை எண்ணாக இருக்காது. அந்த ‘எண் அல்ல’ என்ற மதிப்பு இடத்தோடு கூடிவிட்டால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு கணக்கையும் அது கெடுத்துக்கொண்டே போகும். கேன்வாஸும் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், வரையாமல் இருந்துவிடும். மதிப்பை 0 என்று வைத்திருந்தால், பக்கம் திறந்ததிலிருந்து கடந்த மொத்த நேரமும் ஒரே ஃப்ரேமில் கணக்காகும். தீர்வு எளிது: முதல் அழைப்பில் வந்த நேரத்தை முந்தைய நேரமாகக் குறித்துக்கொண்டு, எதையும் நகர்த்தாமல் அடுத்த ஃப்ரேமுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

அறிமுகப் பாடங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் நின்றுவிடும். நேர்க்கோட்டில் ஒரே வேகத்தில் ஓடும் பந்துக்கு இது போதும். குதிப்பு, உராய்வு, மோதல் என்று வந்ததும் போதாது. ஏன் என்று எண்களோடு பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

ஒரு கதாபாத்திரம் மேல்நோக்கி நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் குதிக்கிறது. ஈர்ப்பு அந்த வேகத்தை நொடிக்கு 1800 வீதம் குறைக்கிறது. பள்ளிக்கூட இயற்பியல் சூத்திரப்படி உச்சி உயரம் சரியாக 100 பிக்சல். ஆனால் நம் நிரல் தொடர்ச்சியாகக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு அந்தப் புதிய வேகத்தால் இடத்தை மாற்றுகிறது. 60 ஹெர்ட்ஸில் வேகம் 570, 540, 510 என்று 30 முப்பதாக இறங்கும். ஒவ்வொன்றையும் 60-ஆல் வகுத்துக் கூட்டினால் உச்சி 95 பிக்சல். 30 ஃப்ரேமில் அதே கணக்கு 90 பிக்சல் தரும். 144-இல் ஏறக்குறைய 98. மேடையை 96 பிக்சல் உயரத்தில் வைத்திருந்தால், 144 ஹெர்ட்ஸ் திரைக்காரர் ஏறிவிடுவார். 60 ஹெர்ட்ஸ்காரர் எத்தனை முறை முயன்றாலும் ஏற முடியாது. நேர வித்தியாசத்தால் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பெருக்கிய பிறகும் இந்த நிலைதான்.

உராய்வு இன்னும் மோசம். ஃப்ரேமுக்கு ஒருமுறை வேகத்தை 0.98-ஆல் பெருக்குவது பலரும் செய்வது. ஒரு நொடி கழித்து 60 ஹெர்ட்ஸில் தொடக்க வேகத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு மிஞ்சும். 144 ஹெர்ட்ஸில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஒருவருக்குப் பனிக்கட்டி மேல் சறுக்குவது போலவும் இன்னொருவருக்குச் சேற்றில் நடப்பது போலவும் இருக்கும்.

நிலையான படி

இதற்குத் தீர்வு, விளையாட்டு உலகுக்கென்று ஒரு கடிகாரம் வைப்பது. உலகு எப்போதும் ஒரே அளவு படியில்தான் நகர வேண்டும், நொடிக்கு 60 படி என்று வைத்துக்கொள்வோம். திரை எவ்வளவு வேகமாகப் புதுப்பித்தாலும் படியின் அளவு மாறாது. ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை படி என்பதுதான் மாறும்.

தண்ணீர்க் குடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கடந்துபோன நேரத்தைக் குடத்தில் ஊற்றுகிறோம். குடத்தில் ஒரு படிக்கான நேரம் சேர்ந்ததும் அதை மொண்டு, உலகை ஒரு படி நகர்த்துகிறோம். மீதி குடத்திலேயே அடுத்த ஃப்ரேமுக்குக் காத்திருக்கும். 30 ஃப்ரேம் மட்டும் தரும் கருவியில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இரண்டு படி நடக்கும். 144 ஹெர்ட்ஸில் பெரும்பாலான ஃப்ரேம்களில் ஒரு படியும் நடக்காது. ஆனால் எல்லாக் கருவிகளிலும் அந்தக் குதிப்பு 95 பிக்சல்தான், உராய்வும் ஒன்றேதான்.

எழுத்தில் அது இப்படி அமையும். ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால், இந்தப் பெயர்களை அப்படியே உங்கள் நிரலிலும் வைத்துக்கொள்ளலாம் (முதல் அழைப்புக்கு முன்பு சொன்ன தீர்வு இங்கே எழுதப்படவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்):

படி = 1 ÷ 60
இருப்பு = 0

சுழல் (இப்போது):
இடைவெளி = (இப்போது − முந்தைய) ÷ 1000
முந்தைய = இப்போது
இடைவெளி 0.1-ஐத் தாண்டினால், இடைவெளி = 0.1
இருப்பு = இருப்பு + இடைவெளி
இருப்பு ≥ படி என்று இருக்கும்வரை:
— ஒவ்வொரு பொருளின் இடத்தையும் ‘பழைய இடம்’ என்று எழுதிவை
— உலகை ஒரு படி நகர்த்து
— இருப்பு = இருப்பு − படி
வரை (இருப்பு ÷ படி)
அடுத்த ஃப்ரேமுக்குச் சுழலை விண்ணப்பி

இதில் 0.1 என்ற உச்சவரம்பைச் சிலர் தேவையற்றது என்று நீக்கிவிடுவார்கள். நீக்காதீர்கள். ஒரு படியைக் கணக்கிடவே 20 மில்லிநொடி பிடிக்கும் மெதுவான கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படி முடிவதற்குள் குடத்தில் ஒரு படிக்கு மேல் நேரம் சேர்ந்துவிடும். அடுத்த ஃப்ரேமில் இரண்டு படி, அதற்கு 40 மில்லிநொடி, அதற்கடுத்து இன்னும் அதிகம் என்று கடன் வட்டியோடு பெருகுவது போலப் பெருகி, தாவல் மூச்சுத் திணறி நின்றுவிடும். நிரலாளர்கள் இதை மரணச் சுழல் என்பார்கள். வரம்பு இருந்தால் ஒரு ஃப்ரேமுக்கு ஆறு படிக்கு மேல் போகாது. அந்தக் கருவியில் விளையாட்டு மெதுவாக ஓடும், ஆனால் ஓடும்.

கடைசியிலிருக்கும் ‘இருப்பு ÷ படி’ எதற்கு? 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. அதாவது ஒவ்வொரு படிக்கும் சில சமயம் இரண்டு ஃப்ரேம், சில சமயம் மூன்று ஃப்ரேம் ஒரே படம் திரையில் நிற்கும். இந்தச் சமமின்மை கண்ணில் அதிர்வாகப் படும். 60 ஹெர்ட்ஸ் திரையிலும் தப்பிக்க முடியாது. பல திரைகள் துல்லியமாக 60 அல்ல, சற்றுக் குறைந்தோ கூடியோ இருக்கும். போதாததற்கு, 2018-இல் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்ததிலிருந்து பிரவுசர்கள் நேர அளவீட்டின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துத் தருகின்றன. அதனால் எப்போதாவது ஒரு ஃப்ரேம் படியே இல்லாமலும், அடுத்தது இரண்டு படியோடும் வரும்.

மருந்து, வரையும்போது இடைப்பட்ட இடத்தைக் கணக்கிடுவது. குடத்தில் மிஞ்சியிருப்பது ஒரு படியில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். 0-க்கும் 1-க்கும் நடுவே இருக்கும். பழைய இடம் 100, புதிய இடம் 110, பங்கு 0.4 என்றால் 104-இல் வரையுங்கள். கணக்குக்குப் பயன்படும் உண்மையான இடத்தை இது தொடாது, வரைவதற்கு மட்டும்தான். இதற்கு ஒரு விலை உண்டு: திரையில் தெரிவது உண்மை நிலையைவிட ஒரு படி வரை பின்தங்கியிருக்கும், அதாவது 17 மில்லிநொடிக்குள். கிடைக்கும் வழவழப்போடு ஒப்பிட்டால் இது கொடுக்கத் தகுந்த விலைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் தோன்றும் பொருளுக்கு இடைக்கணக்குப் போட்டால், அது ஒரு கணம் திரையின் குறுக்கே பறப்பது போலத் தெரியும். இப்படித் தாவும் பொருளுக்குப் பழைய இடத்தையும் புதிய இடமாகவே மாற்றிவிடுங்கள்.

நிலையான படி மோதலையும் ஒழுங்குபடுத்துகிறது, முழுமையாக அல்ல என்றாலும். நொடிக்கு 1200 பிக்சல் பாயும் ஒரு குண்டு, படிக்கு 20 பிக்சல் தாவுகிறது. குண்டின் அகலம் 4, சுவரின் தடிமன் 12 என்றால் இரண்டும் சேர்ந்தே 16தான். ஒரு படியில் சுவருக்கு முன்னாலும் அடுத்த படியில் பின்னாலும் குண்டு இருக்கலாம். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டதாகப் பதிவே இராது, குண்டு சுவரை ஊடுருவிவிடும். மாறும் இடைவெளியில் இது சிலர் கருவியில் மட்டும் எப்போதாவது நடக்கும், கண்டுபிடிப்பது பெரும்பாடு. நிலையான படியில், நடப்பதாக இருந்தால் உங்கள் கருவியிலும் நடக்கும், எனவே பிடித்துவிடலாம். சுவரைத் தடிமனாக்கலாம், நொடிக்கு 120 படி வைத்து ஒரு படியின் பாய்ச்சலை 10 பிக்சலாகக் குறைக்கலாம், இல்லையென்றால் குண்டின் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒரு கோடு இழுத்து, அது சுவரை வெட்டுகிறதா என்று பார்க்கலாம். வேகமான பொருள் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் கோட்டு முறையே சிக்கனமானது.

விசைகள் ஃப்ரேமுக்காகக் காத்திருப்பதில்லை

விசை அழுத்தம் பற்றிய செய்தி லூப்பின் தாளத்துக்கு வருவதில்லை, நினைத்த நேரத்தில் வரும். செய்தி வந்த இடத்திலேயே கதாபாத்திரத்தை நகர்த்தினால் இயக்க முறைமையின் தானியங்கி மறு அழுத்தத்துக்குச் சிக்கிக்கொள்வீர்கள்: ஒரு நகர்வு, ஒரு சிறு இடைவெளி, பிறகு படபடவென்று தொடர் நகர்வுகள். எழுத்து தட்டுவதற்கு உண்டான ஏற்பாடு அது. செய்தி வந்தால் ‘இந்த விசை இப்போது அழுந்தியிருக்கிறது’ என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள், விடுபட்டால் அழியுங்கள். நகர்த்துவது படியின் வேலை.

ஓடுவதற்கு இது போதும். குதிப்பதற்கு இன்னொன்று வேண்டும். ஆடுபவர் விசையைத் தட்டிவிட்டு அடுத்த படி வருவதற்குள் விட்டுவிட்டால், அட்டவணையில் தடயமே இருக்காது, குதிப்பு காணாமல் போகும். எனவே ‘புதிதாக அழுத்தப்பட்டது’ என்று ஒரு தனிக் கொடி வையுங்கள். அதை எங்கே இறக்குவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஃப்ரேமின் முடிவில் இறக்கினால், 144 ஹெர்ட்ஸில் படியே நடக்காத ஃப்ரேமில் அது வீணாகப் போகும். இறக்காமல் விட்டால், இரண்டு படி நடக்கும் ஃப்ரேமில் இரண்டு முறை குதிக்கும். அதைப் பார்த்த முதல் படியே அதை இறக்கிவிட வேண்டும்.

விசையைப் பிடித்துக்கொண்டே வேறு சாளரத்துக்குப் போனால், விடுபட்ட செய்தி உங்கள் பக்கத்துக்கு வராது; திரும்பி வந்தால் கதாபாத்திரம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சாளரம் கவனத்தை இழக்கும்போது வரும் பிளர் நிகழ்வில் அட்டவணை முழுவதையும் அழித்துவிடுங்கள். அம்புக்குறிகளும் ஸ்பேஸ் விசையும் பக்கத்தை உருட்டிவிடும் என்பதால், விளையாட்டுக்குத் தேவையான விசைகளுக்கு மட்டும் பிரவுசரின் இயல்புச் செயலைத் தடுங்கள். தொடுதிரையில் அதே வேலையைச் செய்ய, கேன்வாஸுக்கு சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷன் என்ற பண்பை ‘நன்’ என்று வைக்க வேண்டும். விசைகளை அடையாளம் காண எழுத்தைப் பார்ப்பதைவிட, விசைப்பலகையில் அந்த விசை இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘கோட்’ மதிப்பைப் பாருங்கள். தமிழ் உள்ளீட்டு முறை போட்டிருப்பவருக்கும் வேறு வரிசை விசைப்பலகை வைத்திருப்பவருக்கும் கட்டுப்பாடுகள் அதே இடத்தில் இருக்கும்.

கேம்பேட் நேர்மாறானது. அதன் பொத்தான்களுக்குச் செய்தி வரும் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு ஃப்ரேமிலும் நீங்களே அதன் நிலையைக் கேட்டு வாங்க வேண்டும்.

தாவல் மறையும்போது

ஆடுபவர் வேறு தாவலுக்குப் போனால் பிரவுசர் ஃப்ரேம் அழைப்புகளை நிறுத்திவிடும். அது நல்லதுதான், பேட்டரி மிஞ்சும். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பும்போது முதல் அழைப்பில் வரும் இடைவெளி 60 நொடி. அந்த 0.1 வரம்பு இல்லாவிட்டால் 3600 படிகளை ஒரே மூச்சில் ஓடி, எதிரிகள் கதாபாத்திரத்தைக் கொன்றுவிட்டிருப்பார்கள். வரம்பு இருந்தால் ஒன்றும் ஆகாது.

ஒலி மட்டும் நிற்காது. பின்னணி இசை மறைந்த தாவலிலும் தொடர்ந்து பாடிக்கொண்டிருக்கும். பக்கம் மறைந்ததைச் சொல்லும் விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில் ஆடியோ கான்டெக்ஸ்டை (வெப் ஆடியோவில் ஒலிகள் எல்லாவற்றையும் இயக்கும் பொருளை) இடைநிறுத்துங்கள். அதே இடத்தில் விளையாட்டையும் ‘இடைநிறுத்தம்’ நிலைக்கு மாற்றிவிட்டால், திரும்பி வருபவர் தயாரான பிறகு தொடரலாம். ஒலியைப் பற்றி இன்னொன்று: ஆடுபவர் ஒருமுறையாவது சொடுக்கவோ தட்டவோ செய்யும்வரை பிரவுசர்கள் ஒலியை எழுப்ப விடாது. ‘தொடங்கு’ பொத்தான் வைத்து, அதன் சொடுக்கிலேயே ஆடியோ கான்டெக்ஸ்டை எழுப்புவதுதான் நேர்வழி. தாளத்துக்கு ஏற்பத் தட்டும் விளையாட்டு செய்பவர்கள் ஃப்ரேம் நேரத்தை நம்பவே கூடாது. ஆடியோ கான்டெக்ஸ்ட் தன் ஓட்டத்துக்கென்று தனிக் கடிகாரம் வைத்திருக்கிறது, பாட்டோடு ஒத்துப்போவது அதுதான்.

ஒரு ஃப்ரேமுக்குள் எவ்வளவு செய்யலாம்?

60 ஹெர்ட்ஸில் மொத்தம் 16.7 மில்லிநொடி, அதில் பிரவுசரின் சொந்த வேலைக்கும் பங்கு உண்டு. படியும் வரைதலும் சேர்ந்து 10 மில்லிநொடிக்குள் முடிந்தால் நிம்மதி. 144 ஹெர்ட்ஸில் மொத்தமே 7 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு.

தொடக்கநிலை விளையாட்டுகளில் அவ்வப்போது வரும் திக்கலுக்கு நினைவகக் கழிவு ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு குண்டுக்கும் புதிய பொருள் உருவாக்கி, அது திரையை விட்டுப் போனதும் தூக்கி எறிந்தால் குப்பை சேரும். ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் அதை அள்ளும் கணத்தில் ஒரு ஃப்ரேம் தவறலாம். தொடக்கத்திலேயே 100 குண்டுகளை உருவாக்கி வைத்து, ‘உயிரோடு இருக்கிறது, இல்லை’ என்று குறி மாற்றி மறுபடி மறுபடி பயன்படுத்துங்கள். மாறாத பின்னணியை ஒவ்வொரு ஃப்ரேமும் வரையாமல், அடியில் இன்னொரு கேன்வாஸ் வைத்து ஒருமுறை வரைந்துவிடலாம். கேன்வாஸின் நிழல் விளைவு கனமானது, நகரும் பொருள்களுக்கு வேண்டாம்.

ஃபேசர் போன்ற நூலகங்கள் இந்த லூப்பைத் தாங்களே எழுதித் தருகின்றன. ஃபேசரின் ஆர்கேட் இயற்பியல் இயல்பாகவே நொடிக்கு 60 என்ற நிலையான படியில் ஓடுகிறது. அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அப்டேட் என்ற ஃபங்ஷனுக்குள் நீங்களாக எழுதும் நகர்வு ஃப்ரேமுக்கு ஒருமுறை ஓடுவது, இயற்பியல் படிக்கு ஒருமுறை அல்ல. 5 பிக்சல் பிழை அங்கேயும் அப்படியே திரும்பி வரும்.

சரிபார்ப்பது

உங்களிடம் 144 ஹெர்ட்ஸ் திரை இல்லாமலே பெரும்பகுதியைச் சோதித்துவிடலாம். சோதனைக்காக ஒன்றுவிட்டு ஒரு அழைப்பில் எதையும் செய்யாமல் விண்ணப்பித்துவிட்டு வெளியேறுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 30 ஆகிவிடும். குதிப்பின் உச்சியில் உயரத்தைக் கன்சோலில் (பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் செய்திகள் தெரியும் இடத்தில்) எழுதச் செய்து, இரண்டு நிலைகளிலும் ஒப்பிடுங்கள். தரையில் நிற்கும் நிலையிலிருந்து எடுத்த ஒவ்வொரு குதிப்புக்கும் எண் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வர வேண்டும். சற்றே வேறுபட்டாலும், எங்கோ ஓரிடத்தில் படிக்குப் பதில் இடைவெளியால் பெருக்கியிருக்கிறீர்கள்.

வேகமான திரையை நடிக்க, படியின் எண்ணிக்கையை நொடிக்கு 25 என்று தற்காலிகமாகக் குறையுங்கள். 60-ஐ 25-ஆல் வகுத்தாலும் அதே 2.4தான் என்பதால், படி இல்லாத ஃப்ரேம்கள் 144 ஹெர்ட்ஸில் வருவது போலவே வரும். இப்போது ஓட்டம் வழவழப்பாக இருந்தால் இடைக்கணக்கு சரி. விசையை விரைவாகப் பலமுறை தட்டி, தரையில் இருக்கும்போது தட்டியதில் ஒரு குதிப்பும் தவறவில்லை என்றால் கொடி சரி. குதிப்பு உயரம் இந்தச் சோதனையில் மாறத்தான் செய்யும், படியின் அளவையே மாற்றியிருக்கிறோம். அதனால்தான் விளையாட்டை வெளியிட்ட பிறகு படியின் எண்ணிக்கையை மாற்றக் கூடாது. எல்லா மேடைகளின் உயரமும் அதை நம்பித்தான் நிற்கிறது.

அடுத்து, குரோமின் டெவலப்பர் கருவிகளில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய், சிபியு வேகத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்து ஆடிப்பாருங்கள். விளையாட்டு மெதுவாகலாம், உறையக் கூடாது. பிறகு வலது அம்புக்குறியை அழுத்திப் பிடித்தபடியே வேறு சாளரத்துக்குப் போய், விசையை அங்கே விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் திரும்புங்கள். கதாபாத்திரம் விட்ட இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும்.